ஏழாம் மாதப் பயணமும் இரத்த அழுத்தமும்

மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் ஊரிலேதான். ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ தாயார் வந்து மகளை அழைத்துச் செல்வார். டில்லியில் திருக்குறள் எக்ஸ்பிரசில் ஏறினால் கன்னியாகுமரி போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு நாட்கள். பெட்டியில் சேலைகள் உண்டு, குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள் உண்டு, வழிக்குப் புளிச்சோறும் உண்டு. அதுவரை நகரத்து மருத்துவமனையில் எழுதிவந்த இரத்த அழுத்தக் குறிப்பு மட்டும் பல வேளைகளில் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. இந்த மாதம் அந்தக் குறிப்பைப் பற்றியே எழுதுகிறேன். சகோதரர்களும் வாசிக்க வேண்டுகிறேன். அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைப்பது ஆண்களாலும் ஆகிற காரியமே.

கர்ப்பிணிக்கு அழுத்தம் கூடிவிட்டது என்றால் வீட்டார் முதலில் சொல்லுவது, "நீ டென்ஷன் ஆகிறாய், அதனால்தான்" என்பது. அவளுடைய கோபத்தையும் கவலையையும் குற்றம் சாட்டி முடித்துவிடுகிறார்கள். கவலையினால் அழுத்தம் சற்று நேரம் ஏறி இறங்கலாம். ஆனால் கர்ப்பகாலத்து நோயின் வேர் அங்கே இல்லை.

கருத்தரித்த சில வாரங்களிலேயே புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜென், ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்பவையோ உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தி, இரத்தத்தின் அளவை 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகச் செய்கின்றன. இரத்தம் பெருகினால் அழுத்தமும் பெருகத்தானே வேண்டும்? பெருகுவதில்லை, குழாய்கள் அதற்கு மேலாகவே விரிந்து இடங்கொடுக்கின்றன. குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும் அந்நாட்களில் மிகுதியாகவே சுரக்கிறது. சுகமுள்ள கர்ப்பிணியின் குழாய்கள் அதற்குச் செவிகொடுப்பதில்லை. ஆகவே அழுத்தம் குறையத் தொடங்கி, 20 முதல் 24 வாரங்களில் மிகத் தாழ்ந்து நின்று, அதன்பின் மெல்ல ஏறிப் பேறுகாலத்தில் பழைய அளவுக்கு வருகிறது.

இந்த இறக்கம் நம்மை ஏமாற்றக்கூடியது. முன்பே அழுத்தமுள்ள பெண் ஐந்தாம் மாதத்தில் முதன்முதலாக அளந்து பார்த்தால் எல்லாம் சரியாயிருப்பதுபோலத் தோன்றும். முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை அளந்து எழுதிவைப்பது இதற்காகவே. இன்னொன்றும் கவனியுங்கள். நகரத்தில் இருக்கும் மாதங்களில் எண் தாழ்ந்திருக்கிறது. அது ஏறத் தொடங்கும் காலமும் நீங்கள் ரயில் ஏறும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

சிலருக்கு மட்டும் அளவுக்கு மீறி ஏறுவது ஏன்? குழந்தைக்கு உணவூட்டும் உறுப்புக்கு நம் முன்னோர் நஞ்சு என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொருந்தாத பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்த நோயில் மட்டும் அது பொருந்திவிடுகிறது. கர்ப்பப்பையின் சிறு இரத்தக் குழாய்கள் ஆரம்ப மாதங்களிலேயே அகன்று நஞ்சுக்கு வழிவிட வேண்டும். அவை குறுகியே இருந்துவிட்டால் நஞ்சு போதிய இரத்தமின்றி வாடுகிறது. வாடிய நஞ்சு சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. அவற்றில் முக்கியமான ஒன்றை 2003இல் பாஸ்டன் நகரில் அனந்த் கருமாஞ்சி என்ற மருத்துவரின் குழுவினர் கண்டறிந்தார்கள். அது தாயின் குழாய்ச் சுவர்களைக் காக்கும் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரில் புரதம் கசிகிறது, கல்லீரலும் மூளையும் துன்பப்படுகின்றன. ஆகையால் மகளிடம் "உன் கோபத்தினால் வந்தது" என்று தாய்மாரோ மாமியாரோ சொல்ல வேண்டாம்.

20 வாரங்களுக்குப் பின், நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோயே. 160/110 என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 150 இருக்கும்போதும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. நன்றாய்த்தானே இருக்கிறேன் என்று சமையல் செய்துகொண்டிருப்பார்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போன்ற ஒளி அல்லது மங்கல், வலது விலாவின் கீழே வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை தோன்றினால் மறுநாள்வரை காத்திருக்கலாகாது. கால் வீக்கம் மட்டும் பலருக்கும் வருவதே. உப்பை அடியோடு நிறுத்துவதால் இந்நோய் தடுக்கப்படுவதில்லை.

நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று அஞ்சிய வலிப்பு பெரும்பாலும் இந்நோயின் முற்றிய நிலையே. மெக்னீசியம் சல்பேட் என்ற விலை மலிவான ஊசிமருந்து அதைத் தடுக்கிறது. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், அது வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது. ஆனால் முற்றான தீர்வு குழந்தையும் நஞ்சும் வெளியே வருவதுதான். மருத்துவர் நாளுக்கு முன்னரே பிரசவத்தை வரவழைக்கச் சொன்னால், பணத்துக்காகச் சொல்லுகிறார் என்று எடுத்தவுடன் எண்ணிவிட வேண்டாம்.

முந்தின பிரசவத்தில் இந்நோய் கண்டவர்கள், சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரின் தரக்கூடும். 16 வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஐந்தாம் மாதத்தில் போய் நின்றால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் கடந்துபோயிருக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அலட்சியப்படுத்தாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் உட்கொள்ளுங்கள். முன்பே அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்றவற்றை உட்கொள்ளுகிறவர்கள் கரு உண்டானது தெரிந்தவுடன் மருத்துவரைக் காண வேண்டும். அவை குழந்தைக்குத் தீங்கானவை. லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற மாற்று மருந்துகள் உண்டு.

நம் சபைகளுக்கே உரிய ஒரு காரியம். உபவாச நாளில் ஆகாரத்தோடு மாத்திரையையும் விட்டுவிடுகிற கர்ப்பிணிகள் உண்டு. அவளுக்காகக் குடும்பத்தார் உபவாசிக்கட்டும், அவள் புசிக்கட்டும் என்பதே என் எண்ணம். ஜெபித்தபின் எண் இறங்கியிருந்தால் சந்தோஷமே. ஆனால் மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அளந்து பார்த்த மருத்துவருடைய வேலை.

பயணத்துக்கு முந்தின வாரம் அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ளுங்கள். 140/90 தொட்டிருந்தால், மருத்துவர் சம்மதியாமல் பயணச்சீட்டு வாங்கியாயிற்று என்பதற்காகப் புறப்பட வேண்டாம். முதல் மாதம் முதலான எண்கள் தேதியோடு உள்ள அட்டை கைப்பையில் இருக்கட்டும். அதன் படம் கணவரின் கைப்பேசியிலும் இருக்கட்டும். ஊரில் இறங்கிய இரண்டொரு நாளில் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். உறவினர் வீடுகளுக்குப் போவது பிறகு ஆகட்டும்.

பிரசவம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பதில்லை. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது வழக்கம். அதற்குள் பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்போது வரும் தலைவலியைக் குளிர்ச்சி என்று சொல்லித் தைலம் தேய்த்து வைத்திருக்காமல் அளந்து பாருங்கள். ஆறு வாரம் வரை இந்தக் கவனம் வேண்டும். இந்நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதில் மார்வலி என்று மருத்துவரிடம் போகும்போதும், இருபத்தைந்து வயதுப் பிரசவத்தில் அழுத்தம் ஏறியிருந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டுவிடக்கூடும்.