கீமோ முடிந்த இரவிலும் இரத்தப் பரிசோதனை: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஆகியோர்
பொருள்: மகளிர் புற்றுநோய்ச் சிகிச்சையில் டியூமர் லைசிஸ் ஆபத்தைத் தடுத்தல் தொடர்பாக
பார்வை: இதே பொருளில் சங்கம் முன்னர் அளித்த மனுக்கள்



கருப்பை, சினைப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் குடும்பத்தார் நடத்தும் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

முந்தைய மனுக்களுக்கெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் வந்தது. கடைசிப் பதிலில், அரிதான சிக்கலுக்குத் தனி ஏற்பாடு செய்ய நிதியில்லை என்று ஒரு வரி கூடியிருந்தது. ஆகவே சங்கம் முன்பு எழுதியதை மீண்டும் எழுதுகிறது.

கீமோவில் கட்டி வேகமாகக் கரையும்போது, செத்த செல்களிலிருந்து பொட்டாசியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தில் கொட்டுகின்றன. செல்களின் மரபணுப் பொருள் யூரிக் அமிலமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைக்கிறது. பாஸ்பேட் ஏறுவதால் கால்சியம் இறங்கினால் கைகால் இழுக்கும், வலிப்பு வரும்; பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். இரத்தப் புற்றுநோய் வார்டில் டியூமர் லைசிஸ் எனப்படும் இந்த ஆபத்தை எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். மகளிர் புற்றுநோய் வார்டில் அரிது என்பதாலேயே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அரிது என்றாலும் இல்லாததன்று. சினைப்பை, கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் இது நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. கருப்பைவாய்க் கட்டி சிறுநீர்க்குழாயை நெருக்கி, முன்பே சிறுநீரகத்தைப் பழுதாக்கியிருக்கலாம்; அதன்மேல் ஏற்றப்படும் சிஸ்பிளாட்டினும் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயான கோரியோகார்சினோமாவின் நிலை இன்னும் வேதனையானது. பரவிய நிலையிலும் கீமோவால் குணமாகும் என்று 1956இல் அமெரிக்காவில் டாக்டர் மின் சியூ லி குழுவினர் காட்டிய நோய் அது. மருந்துக்கு அவ்வளவு விரைவாகக் கரையும் கட்டி என்பதால், குணமாக வேண்டிய பெண்ணே முதல் வாரத்தில் இறந்துபோகும் அபாயம் இருக்கிறது.

டியூமர் லைசிஸைக் கண்டறிய மருத்துவர்கள் கெய்ரோ, பிஷப் இருவரும் 2004இல் வகுத்த அளவுகோல் உலகெங்கும் வழக்கிலுள்ளது. கீமோ தொடங்குவதற்கு 3 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம் நான்கையும் பார்க்கச் சொல்கிறது அது. நான்கும் சாதாரண லேபிலேயே செய்யக்கூடிய பரிசோதனைகள்.

இங்கே நடப்பது வேறு. டே கேரில் டிரிப் முடிந்த பெண் மாலையில் பஸ் ஏறி ஊர் திரும்புகிறார். மறுநாள் இரவு சிறுநீர் குறைந்து, நெஞ்சு படபடத்து அவர் திரும்பி வந்தால், லேப் காலையில்தான் திறக்கும் என்கிறார்கள். வெளி லேபுக்குச் சீட்டு எழுதித் தருகிறார்கள். கையில் பணமில்லாத வீட்டார் விடியும்வரை காத்திருக்கிறார்கள். உடனே கண்டுபிடித்தால் டிரிப், மருந்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று காப்பாற்ற வழியிருக்கிறது. அந்த வழியை அடைப்பது பூட்டிய லேப்தான்.

நிதியில்லை என்ற பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1996இலேயே விடை தந்துவிட்டது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிய வழக்கு அது. பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் அமைப்பு அதைத் தொடுத்தது. உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராதது அரசியல் சட்டப் பிரிவு 21 தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதி நெருக்கடியைக் காட்டி அரசு அக்கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. நள்ளிரவில் எகிறும் பொட்டாசியமும் அவசரம்தான். இத்தீர்ப்பை முந்தைய மனுக்களிலும் சங்கம் சுட்டியது. எந்தப் பதிலும் அதைத் தொடவில்லை.

எனவே, மேற்சொன்ன நான்கு பரிசோதனைகளும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் விடுமுறை நாள் உட்பட 24 மணி நேரமும் இலவசமாகச் செய்யப்பட வேண்டும். பெரிய கட்டியோ சிறுநீரகப் பழுதோ உள்ள பெண்களை முதல் கீமோவுக்குப் பின் அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். இதுவே தலையாய கோரிக்கை.

மேலும்,

யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

சேர்ந்துவிட்ட யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் ராஸ்பூரிகேஸ் ஊசி இருப்பில் இருக்க வேண்டும். போடுமுன் ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். போட்டபின் எடுக்கும் யூரிக் அமில மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அபாய அறிகுறிகளைத் தமிழில் அச்சிட வேண்டும்.

கீமோ வார்டுக்கு அருகில் குடிநீரும் கழிப்பறையும் அமைத்துத் தர வேண்டும்.

முதல் கோரிக்கை மீது எடுக்கும் முடிவையும், மறுப்பதாயின் 1996 தீர்ப்பை மீறி மறுப்பதற்கான காரணத்தையும் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்