நின்றுவிட்ட சிறு இஞ்சின்

1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய இருப்புப்பாதை ஆவடிப் பக்கமாகப் போய்விட்டபடியால், பூந்தமல்லி நீராவி ரயில் எட்டிப் பாராத ஊராயிற்று. அவ்வூர் அன்பர் ஒருவர் டில்லி சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் காட்சிசாலையைக் கண்டு வந்து நமக்கு எழுதியிருக்கிறார். அங்கே நிற்கும் டார்ஜிலிங் மலைரயிலின் 777-ஆம் எண் இஞ்சினைப் பார்த்து, "இது விளையாட்டு வண்டியா, தாத்தா?" என்று அவருடைய பேத்தி வினவினாளாம்.

விளையாட்டு வண்டியன்று, குழந்தாய்! 1889-ல் கிளாஸ்கோ நகரில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனியார் செய்த இஞ்சின் அது. நமது அகலப்பாதை ஐந்தரை அடி. அது ஓடிய பாதையோ இரண்டே அடி. மலைச்சரிவில் குறுகிய வளைவுகளிலே திரும்ப வேண்டியிருந்ததால் அத்தனை ஒடுக்கம். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால், இஞ்சினின் முகப்பிலே உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகள் கையால் மணலைத் தூவுவார்கள். மழையும் பனியும் அவர்கள் முகத்திலேதான் அறையும். இன்று இஞ்சினுக்கு வர்ணம் பூசிக் காப்பாற்றுகிறோம். மணல் தூவிய கைகளை யார் நினைக்கிறார்கள்?

டில்லி வரையில் போவானேன்? நமது தமிழ்நாட்டிலேயே இரண்டரை அடிப் பாதைகள் இருந்தன. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுசெல்ல உதவும் என்று கருதி, 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் சிறு ரயில் விட்டார்கள். தர்மபுரிப் பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரி ரயில் 1936-லும், ஓசூர் ரயில் 1941-லும் நின்றுபோயின.

அவற்றில் குழந்தையாக ஏறிச் சென்றவர்கள் இன்று தொண்ணூறு வயதை எட்டியோ கடந்தோ இருப்பார்கள். இரும்பு துருப்பிடித்தால் சுரண்டி வர்ணம் பூசலாம். மனிதர் நினைவு மறைந்தால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகையால் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமை நேயர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே உட்கார்ந்து கேளுங்கள். டிக்கட்டுக்கு என்ன கொடுத்தார்கள், வண்டி எங்கே நின்று தண்ணீர் பிடித்தது, இஞ்சினை ஓட்டியவர் எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள்.

பேத்திகள் கேட்கத் தயாராயிருக்கிறார்கள். தாத்தாமார் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.