‘டேலண்ட்டைம்’ படத்தை ரசிகர்கள் இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

யாஸ்மின் அஹ்மாட் இயக்கிய ‘டேலண்ட்டைம்’ 2009 மார்ச் மாதம் திரைக்கு வந்தது. நான்கே மாதங்களில், ஜூலை 25ஆம் தேதி, 51 வயதில் அவர் காலமானார். அவருடைய கடைசி முழுநீளப் படம் அதுதான். ஆண்டுகள் பல கடந்தும் மலேசிய ரசிகர்கள் அதை மறக்கவில்லை. 2017இல் ஜப்பானியத் திரையரங்குகளிலும் அது வெளியானது.

இயக்குநரின் திடீர் மறைவுதான் இந்தப் பாசத்துக்குக் காரணம் என்று சிலர் நினைக்கலாம். அதுவும் ஒரு காரணமே. ஆனால், படத்துக்குள்ளேயே வலுவான காரணங்கள் இருக்கின்றன.

பள்ளித் திறன் போட்டி ஒன்றுதான் கதைக்களம். போட்டியாளர்களை மோட்டார் சைக்கிளில் ஒத்திகைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு சில மாணவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. பாடகி மெலூரை அழைத்துச் செல்பவன் மகேஷ். அவன் பதில் பேசாததைத் திமிர் என்று நினைத்து மெலூர் கோபப்படுகிறாள். அவனுக்குக் காது கேட்காது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரியவருகிறது. பாட்டையே உயிராகக் கொண்ட பெண்ணை அந்தப் பாட்டைக் கேட்கவே முடியாத பையன் நேசிக்கிறான். முதல் காதலின் தவிப்பைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. மெலூர் என்றால் மலாயில் மல்லிகை.

தமிழ் ரசிகர்கள் இந்தப் படத்தை நெருக்கமாக உணர இன்னொரு காரணமும் உண்டு. மகேஷின் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அவனுடைய அக்கா பவானியாக ஜெக்லின் விக்டரும், தாயாக சுகன்யா வேணுகோபாலும் நடித்தார்கள். சிரிப்பு மூட்டுவதற்காக வந்துபோகும் இந்தியர்களாக இல்லாமல், துக்கமும் பிடிவாதமும் கொண்ட ஒரு குடும்பமாகவே அவர்கள் திரையில் தெரிகிறார்கள்.

அந்தத் துக்கம் சாதாரணமானதல்ல. ஒரு பக்கம் திருமணக் கொண்டாட்டம், பக்கத்து வீட்டில் இறப்பு. அதில் எழும் தகராறில் மகேஷின் தாய்மாமன் உயிரிழக்கிறார். 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட கம்போங் மேடான் கலவரத்தின் தொடக்கத்திலும் ஒரு திருமணமும் ஓர் இறப்பும் அருகருகே இருந்தன. படம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அந்த நாள்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை.

மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புவதை அந்தத் தாய் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவே பின்னணி. காதலுக்குத் தடையாகத் தமிழ்த் தாயைத்தான் காட்ட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. தமிழ்க் குடும்பத்தின் கதையில் இந்திப் பாடல் ஒலிப்பதும் சிலருக்கு நெருடலாம். ஆயினும், அந்தத் தாயைப் படம் கெட்டவளாக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்காவின் கோபமாகவே அதைப் புரிந்துகொள்ள வைக்கிறது.

ரசிகர்களின் இந்தப் பாசம் தொழில்துறையை எந்த அளவுக்கு மாற்றியது என்பதுதான் இன்றைய கேள்வி. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டபோது கலைஞர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். பின்னர் விதிமுறை மாற்றப்பட்டு, சஞ்சய் குமார் பெருமாளின் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. வெற்றி கிடைத்தது உண்மைதான். ஆனால், தமிழில் பேசும் படமும் மலேசியப் படமே என்பதை அதற்காக ஒருமுறை வாதாடி நிறுவ வேண்டியிருந்தது.

‘டேலண்ட்டைம்’ அந்த வாதத்தில் இறங்கவே இல்லை. மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம், சைகை மொழி எல்லாம் அதில் இயல்பாகக் கலந்து வருகின்றன. ரசிகர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பல மொழிக் கதைகளுக்கு இங்கே பார்வையாளர்கள் இல்லை என்று தயங்கும் தயாரிப்பாளர்களுக்கு, இத்தனை ஆண்டுகளாகத் தொடரும் இந்த அன்பே போதுமான பதில்.