பட்டம் கையில், பாதை எங்கே?

“அடுத்து என்ன செய்யப் போகிறாய்?”

பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் எங்களிடம் இக்கேள்வியைக் கேட்காத உறவினர் இல்லை. “கல்லூரிக்குப் போகப் போகிறேன்” என்று சொல்லி நாங்கள் எளிதில் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் கல்லூரியையும் முடித்துவிட்ட பெண் என்ன சொல்லித் தப்புவாள்? இவ்வினா எங்கள் உள்ளத்தில் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர், சான்றிதழ் நகல்களில் கையொப்பம் பெறுவதற்காகத் தலைமையாசிரியை சிஸ்டரைக் காண வந்திருந்தார். வேதியியலில் பட்டம் பெற்று ஓராண்டு கடந்துவிட்டது. இங்கே படித்த காலத்தில் பரிசளிப்பு விழாவில் மூன்று முறை மேடையேறியவர். சிஸ்டர் வரும்வரை தாழ்வாரத்துப் பெஞ்சில் எங்களோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். வங்கித் தேர்வு எழுதினாராம், கிடைக்கவில்லை. தொகுதி நான்கு தேர்வும் எழுதினாராம், அதுவும் கைகூடவில்லை. ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை ஒன்று வந்ததாம், “இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்று அப்பா தடுத்துவிட்டாராம். இதற்கிடையில் கல்யாணத் தரகர் இருமுறை வீட்டுக்கு வந்து போய்விட்டாராம்.

“எந்த வேலையானாலும் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை, இந்த வேலைதான் வேண்டும் என்று சொல்லவும் தெரியவில்லை. என்ன படிக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். என்ன செய்யப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை” என்றார் அக்கா. சொல்லும்போது கண் கலங்கியது. எங்களுக்கும்தான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அதே பெஞ்சில் நாங்கள் அமர்ந்திருக்க மாட்டோம் என்பதற்கு என்ன உறுதி?

அக்கா ஒருவர் மட்டும் இந்நிலையில் இல்லை. மத்திய அரசின் 2021–22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் கல்லூரி வாசல் அகன்ற அளவுக்கு வேலை வாசல் அகலவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்கிற தொகுதி நான்கு தேர்வுக்குப் பட்டதாரிகளும் முதுகலை பெற்றவர்களும் வரிசையில் நிற்பதே இதற்குச் சான்று.

இந்நிலையில் இரண்டு விதமான அறிவுரைகள் நம் காதில் விழுகின்றன. “அரைக் காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம், கிடைத்ததைப் பிடித்துக்கொள்” என்பது பெரியவர்கள் வாக்கு. “உன் மனத்துக்குப் பிடித்ததை மட்டும் செய்” என்பது திரைப்படமும் கைப்பேசியும் நமக்குச் சொல்லும் பாடம். இவ்விரண்டுமே பாதி உண்மைகள் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. முதலாவது, மனிதருக்கு மனம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறது. இரண்டாவது, இருபது வயதில் தன் மனம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. மனநிறைவு தரும் பணியை அடைய ஒரே பாதைதான் உண்டா? நம் மண்ணில் பணியாற்றிய மூன்று பெண்மணிகளின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

முதலாமவர் அன்னா ராஜம். 1951ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான முதல் பெண்மணி. நேர்காணல் குழுவினர், பெண்களுக்கு வெளியுறவுப் பணிதான் பொருத்தம் என்று அவரைத் திருப்பப் பார்த்தனர். அவரோ ஆட்சிப் பணியே வேண்டும் என்று உறுதியாக நின்றார். திருமணம் செய்துகொண்டால் பணி பறிபோகும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது! அந்த விதி பின்னாளில் நீக்கப்பட்டது. இவர் தமக்கு வேண்டியதைத் தொடக்கத்திலேயே அறிந்தவர்.

இரண்டாமவர் அ. லலிதா. பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில் கைம்மை. மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை. தம் காலில் நின்று குழந்தையை வளர்க்க வேண்டும் என்ற கட்டாயமே அவரை மீண்டும் படிக்க வைத்தது. மருத்துவம் படித்தால் இரவு நேரங்களில் குழந்தையைப் பிரிய நேரும் என்று கருதி, கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பயிலச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவராகி, பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணிகளிலும் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், அறிவியலாளர் முதல் உலக மாநாட்டுக்கும் சென்றுவந்தார். பிழைப்புக்காகப் பிடித்த தொழில் பெருமைக்குரிய தொழிலாயிற்று.

மூன்றாமவர் ஐடா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த இந்த அமெரிக்கப் பெண்மணிக்கு, பெற்றோரைப் போல இந்தியாவில் பணிபுரிய விருப்பமே இல்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று குடும்பத்தினர், பிரசவ வேதனையில் துடித்த பெண்களுக்காக அவரிடம் உதவி தேடி வந்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் மாண்டுபோயினர். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது. வேலூரில் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றியது.

ஒருவர் விருப்பத்தால் வந்தார். ஒருவர் தேவையால் வந்தார். ஒருவர் பிறர் துயரைக் கண்டு வந்தார். பாதைகள் வேறு வேறாயினும் மூவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. மூவரும் ஒரு தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்தனர். அது பிறருக்குப் பயன்பட்டது. தனக்குக் கைவந்த வேலை பிறருக்கும் உதவும்போதுதான் மனநிறைவு பிறக்கிறது. வேலையில் இறங்காமல் வீட்டில் அமர்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் அது வராது. அடுப்படிக்குப் போகாதவளுக்குச் சமையல் பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படித் தெரியும்?

அதற்காகச் சம்பளத்தைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். நியாயமான ஊதியம் கேட்பது பேராசை ஆகாது. தன் கையில் நாலு காசு இருக்கும் பெண்ணுக்குத் தன் வாழ்வைப் பற்றிப் பேசத் துணிவும் இருக்கும்.

அன்புள்ள பெற்றோரே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்பு முடிந்தவுடன் இரண்டு ஆண்டுகள் எங்களுக்குத் தாருங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் சிறிய வேலை ஒன்றில் சேர்ந்தால் அதைக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாக எண்ணாதீர்கள். வேலை கிடைக்காத பெண்ணை வேண்டாதவளாக நடத்தாதீர்கள். திருமணம் எங்கும் ஓடிப்போகாது. ஆனால் கற்றுக்கொள்ளும் பருவம் ஓடிப்போகும்.

தோழியரே! நமக்கும் கடமை உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளைத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தே கழித்துவிடக் கூடாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. தொழில் பழகுநர் சட்டம் 1961 முதலே நம் நாட்டில் இருக்கிறது; பட்டதாரிகளும் உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். விரும்பும் வேலையில் இருப்பவர் ஒருவரைத் தேடிச்சென்று, “காலை முதல் மாலை வரை என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் காசு செலவில்லை, கூச்சம்தான் தடை.

அக்கா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அன்று சிஸ்டர், பிரசவ விடுப்பில் சென்ற ஆய்வக உதவியாளரின் இடத்தில் அவரை இரண்டு மாதம் பணியாற்றச் சொன்னார். எங்களுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லித்தந்தபோதுதான், பாடம் நடத்துவதைவிடப் பரிசோதனை செய்வதில் தமக்கு நாட்டம் அதிகம் என்று அவர் கண்டுகொண்டாராம். இன்று ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் தொழில் பழகுநராக இருக்கிறார். உதவித்தொகை குறைவுதான், பேருந்துச் செலவு போக மீதியை அம்மாவிடம் கொடுக்கிறாராம். தண்ணீர் கலந்த பால் இனி அவரிடம் அகப்படாமல் போகாது. அவர்கள் தெருப் பால்காரர்தான் பாவம்!

“இதுதான் என் வாழ்நாள் வேலையா என்று இன்னும் தெரியாது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அழுகை வருவதில்லை” என்றார், கிறிஸ்துமஸ் விழாவுக்கு வந்திருந்தபோது. அவருடைய அப்பாவும் உடன் வந்திருந்தார். மகளின் வேலையைப் பற்றி எங்கள் ஆசிரியைகளிடம் அவரே விளக்கிக்கொண்டிருந்தார்!

அடுத்த ஆண்டு நாங்கள் இப்பள்ளியை விட்டுப் பிரிகிறோம். “அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று இனி யாரேனும் கேட்டால், “இன்னும் தெரியாது, ஆனால் தேடத் தொடங்கிவிட்டேன்” என்று தலை நிமிர்ந்து சொல்வோம்.