ரத்னவேலுவை ஏன் பிடிக்கிறது?

ராசிபுரம் பக்கம் ஒரு மாணவர் விடுதிக்கு அண்மையில் பேசப் போயிருந்தோம். அம்பேத்கரும் கல்வியும் என்பது தலைப்பு. கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாமாண்டு மாணவர் ஒருவர் தம் செல்போனை நீட்டினார். அவருடைய வகுப்புத் தோழன் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த ஸ்டேட்டஸ் அது. ‘மாமன்னன்’ படத்து ரத்னவேலு நடந்து வருகிறார். பின்னால் ஒரு சாதிப் பாட்டு ஓடுகிறது. படத்தில் அந்தப் பாட்டு கிடையாது. யாரோ ஒட்டியது.

“இவன் எனக்குப் பக்கத்து பெஞ்சுங்கண்ணா. மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். நானும் பார்ப்பேன்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்கான். இதை நான் என்னன்னு எடுத்துக்கறது?”

கூட வந்திருந்த தோழர், “சினிமாதானப்பா, விடு” என்றார். நம்மால் அப்படி விட முடியவில்லை. வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2023 ஜூன் 29 அன்று வெளிவந்த படம் ‘மாமன்னன்’. களம் நம்முடைய சேலம் வட்டாரம். காசிபுரம் என்ற தனித் தொகுதியின் எம்.எல்.ஏ. மாமன்னனாக வடிவேலு, அவர் மகன் அதிவீரனாக உதயநிதி ஸ்டாலின், மகனின் தோழி லீலாவாகக் கீர்த்தி சுரேஷ். அதே கட்சியில், மாவட்டத்தையே கைக்குள் வைத்திருக்கும் ஆதிக்க சாதிக்காரர் ரத்னவேலுவாக ஃபகத் பாசில். காசிபுரம் என்றதும் ராசிபுரம் ஞாபகம் வராதவர் இந்த இரண்டு மாவட்டங்களில் இருக்க முடியாது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் மாமன்னன் ரத்னவேலுவின் வீட்டில் நின்றுகொண்டேதான் பேசுவார். மகன் அப்பாவை உட்காரச் சொல்கிற இடத்தில் கதை திரும்புகிறது. பிறகு சண்டை, தேர்தல். கடைசியில் ரத்னவேலு தோற்கிறார்.

ஒரு மாதம் கழித்து, ஜூலை 27 அன்று, படம் நெட்பிளிக்ஸுக்கு வந்தது. தியேட்டரில் முழுதாக உட்கார்ந்து பார்த்தே ஆகவேண்டிய கதையை அன்றிலிருந்து யார் வேண்டுமானாலும் வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றாயிற்று. சில நாட்களிலேயே ரத்னவேலுவின் வீடியோக்கள் குவிந்தன. படம் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை. ரசிகர்கள் சொன்னார்கள். ஒரே நடை, ஒரே முறைப்பு. அதன்மேல் ஒருவர் ஒரு சாதியின் பாட்டைப் போட்டார், இன்னொருவர் வேறொரு சாதியின் பாட்டைப் போட்டார். தங்களுக்குள் சம்பந்தம் கலக்காத சாதிகளெல்லாம் ஒரே ஆளை ‘எங்களவர்’ என்று கொண்டாடின. ஃபகத் பாசிலே தம் முகநூல் முகப்பில் ரத்னவேலு படத்தை வைத்து, பிறகு எடுத்துவிட்டார்.

அந்த நாட்களில் நம் தோழர்கள் பலர் சொன்னது, இயக்குநர் தவறிவிட்டார் என்பதுதான். இவ்வளவு பெரிய நடிகரை வில்லனாகப் போட்டிருக்கக் கூடாது, அந்தப் பாத்திரத்துக்கு இவ்வளவு மிடுக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்றார்கள். எதிர்த்தரப்பில் சிலர் நல்லவர்போல, “நடிப்பைத்தான் ரசிக்கிறோம், இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்டார்கள். நடிப்பை ரசிப்பவருக்குச் சாதிப் பாட்டு எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது.

ரசிகர்கள் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நாம் நினைக்கவில்லை. சரியாகவே புரிந்துகொண்டார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்பவன் ரத்னவேலு. தோற்றவனுக்கு அவன் வீட்டில் இடமில்லை. அவனே தேர்தலில் மண்ணைக் கவ்வுகிற காட்சி, நாம் பார்த்த துண்டுகளில் ஒன்றில்கூட இல்லை. மாமன்னன் நாற்காலியில் உட்காரும் காட்சியும் இல்லை. முடிவு தெரியாதவர்களா இப்படி வெட்டினார்கள்? முடிவு பிடிக்காததால் கத்தரியை எடுத்தார்கள். கதையை மாற்றி எழுத அவர்களுக்குப் பேனா தேவைப்படவில்லை, ஒரு செல்போன் போதுமானதாக இருந்தது.

இது நம் மண்ணில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 1971-இல் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளைக்காரத் தொழிலாளி அதன் நாயகன். கறுப்பர், யூதர் என்று யாரைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசுவான்; மருமகன் மறுத்துப் பேசுவான். இனவெறியைக் கேலி செய்யத்தான் நார்மன் லியர் அந்தத் தொடரை உருவாக்கினார். நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேள்வி கேட்டு 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பே இனவெறுப்பு மிகுந்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஆர்ச்சியை மெச்சினார்கள். கடைசியில் ஜெயிப்பது அவன்தான் என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் கேலியாகப் பார்த்ததை அவர்கள் உண்மைப் பேச்சாகக் கேட்டார்கள். தொடர் யாரையும் வெறியனாக ஆக்கவில்லை. யாரையும் திருத்தியதாகவும் தெரியவில்லை. அவரவர் கொண்டுவந்த பாத்திரத்தில் அவரவர் மொண்டுகொண்டு போனார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வில்லனை ரசிப்பதெல்லாம் குற்றமில்லை. அதே 2023-இல் சன் டி.வி.யின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை யாருக்குத்தான் பிடிக்காமல் இருந்தது? வீட்டுப் பெண்களை அதட்டியே ஒடுக்கும் பாத்திரம் அது. பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்திலும், திருச்செங்கோட்டுப் பேருந்திலும் பெண்களே அந்த அதட்டலைப் பேசிக் காட்டிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறோம். செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து காலமானபோது அந்தப் பெண்கள்தான் வருந்தினார்கள். தங்கள் வீட்டுக் குணசேகரனிடம் நேரில் சொல்ல முடியாததை அந்தச் சிரிப்பில் சொன்னார்கள். அடக்கப்படுகிறவர் அடக்குகிறவனை நடித்துக் காட்டுவது ஒரு வகை. அடக்கும் கூட்டத்தில் பிறந்தவன், அடங்கியிருக்க வேண்டியவன் என்று தான் நினைப்பவனின் கண்ணில் படும்படி அதே படத்தை ஒட்டுவது வேறு வகை. ரத்னவேலு ஸ்டேட்டஸில் சிரிப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அது ஏன் நம்மை இவ்வளவு உறுத்துகிறது என்றால், இந்த வட்டாரம் நிஜத்திலேயே ஒருவருக்கு ரசிகராக இருந்து பார்த்த வட்டாரம். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பதிவுகள் கைக்குக் கை மாறின. அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டது. அப்போது ‘மாமன்னன்’ படம் இல்லை, ஃபகத் பாசிலும் இல்லை. இயக்குநர்மேல் பழிபோட ஆளே இல்லாத காலத்தில் நடந்தது அது.

வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. யுவராஜின் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 ஜூன் 2 அன்று. அந்த மாதக் கடைசியில்தான் படம் வந்தது. அவ்வழக்கில் முக்கிய சாட்சியமாக நின்றவற்றில் ஒன்று கோயிலின் சி.சி.டி.வி. பதிவு. அதுவும் ஒரு வீடியோதான். அதை யாரும் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் படத்தின்மேல் நமக்குக் குறையே இல்லை என்று பொருளில்லை. குறை உண்டு. ரத்னவேலுவின் கோபத்துக்கு வீடு, அப்பன், நாய், கௌரவம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் அடுக்கிய திரைக்கதை, மாமன்னன் எப்படி ஓட்டு வாங்கினார் என்பதை அவசரமாகக் கடந்துவிட்டது. தனித் தொகுதியில் வேட்பாளர்தான் தலித். ஓட்டுப் போடுபவர் எல்லாச் சாதியினரும். ஆதிக்க சாதித் தெருவின் ஓட்டு இல்லாமல் ராசிபுரத்திலோ, ஆத்தூரிலோ, கெங்கவல்லியிலோ யாரும் ஜெயிக்க முடியாது. அந்தத் தெருவில் மாமன்னனுக்குப் போட்டவர் யார்? மனம் மாறியவரா, ரத்னவேலுவைப் பிடிக்காதவரா, சின்னத்துக்குப் போட்டவரா? நமக்குத் தெரிய வேண்டிய கதை அதுவே. இலவசப் பயிற்சி மையம் நடத்தும் லீலாவுக்கும் பிற்பாதியில் வேலையில்லை. நம் பெண்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். ‘மாமன்னன்’ படமே ஒரு பார்வையாளரின் கேள்வியிலிருந்து வந்ததுதானே. 1992-இல் ‘தேவர் மகன்’ வந்தபோது ஊரெல்லாம் பெரிய தேவரையும் சின்னத் தேவரையும் பேசியது. கை இழந்து ஓரமாக நின்ற இசக்கியைப் பேசியவர் எத்தனை பேர்? வடிவேலு நடித்த அந்த இசக்கி மாமன்னனாக ஆனால் என்ன ஆகும் என்பதுதான் தம் படம் என்று மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னாலேயே சொன்னார். பிடித்த படத்தில் தன்னை எங்கே நிற்க வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட ஒரு ரசிகர், முப்பது ஆண்டு கழித்து அதே நடிகரை அழைத்துவந்து உட்கார வைத்தார். ஒரு படத்துக்கு இதைவிட நல்ல பதில் எழுத முடியுமா? கத்தரி வைத்திருப்பவர்களால் முடியாத காரியம் இது.

உட்கார்ந்தால் எல்லாம் முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. மாமன்னன் படத்தின் முடிவில் சபாநாயகர் ஆகிறார். அதைப் பார்த்ததும் நம் பக்கத்தார் எல்லோரும் சொன்ன பெயர் ப.தனபால். சேலம் மாவட்டத்துக்காரர், அருந்ததியர்; 2011-இல் ராசிபுரத்தில் வென்றவர்; 2012 முதல் 2021 வரை சபாநாயகர். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில், தம் சட்டை கிழிக்கப்பட்டதாக அவர் அவையில் சொன்னார். அன்றைக்கு அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவர்கள் அப்போதைய எதிர்க்கட்சியான தி.மு.க. உறுப்பினர்கள். படத்தைத் தயாரித்ததும் நடித்ததும் அக்கட்சியின் இன்னொரு தலைமுறை. இந்தப் பொருத்தத்தை நாம் சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஆனால் 2023 ஜனவரியில் சேலம் திருமலைகிரிக் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஊர் நடுவே வைத்து வசைபாடியவர் எந்தக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் என்பதும் வீடியோவாக ஊர் பார்த்ததுதான். கட்சி தற்காலிகமாக நீக்கியது, போலீஸ் கைது செய்தது. ரத்னவேலு ஒரே கட்சிக்காரர் இல்லை என்பதைப் படமும் சொல்கிறது. அவர் பாதியில் கட்சி மாறுகிறார், குணம் மாறுவதில்லை.

விடுதி மாணவருக்கு இரண்டு நாள் கழித்துப் போன் செய்தோம். ஸ்டேட்டஸுக்குப் பதில் ஸ்டேட்டஸ் வைக்காதே, அந்தத் தோழனை அழைத்து உட்கார வைத்து முழுப் படத்தையும் சேர்ந்து பார், கடைசிவரை பார், பிறகு பேசு என்று சொன்னோம். “அவன் வரலைன்னா?” என்றார். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான் என்றோம். சொல்லிவிட்டோமே தவிர, அந்தப் பையன் நாளையும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

பிறருக்குச் சொன்னதை நாமும் செய்வோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலனியில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, சமுதாயக் கூடத்து டி.வி.யில் படத்தை முழுதாகப் போட்டோம். சேகோ ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியம்மா முன்வரிசையில் இருந்தார். இளைஞர்கள் நாற்காலிக் காட்சிக்குக் கை தட்டினார்கள், தேர்தல் முடிவுக்கு விசிலடித்தார்கள். அந்தம்மா தட்டவில்லை. கோயில் கிணற்றில் குளிக்கப் போன சின்னப் பிள்ளைகளைக் கல்லெறிந்து கொல்லும் காட்சி முதலிலேயே வந்துபோயிருந்தது. அவர் மனம் அங்கேயே நின்றிருக்கிறது போல. விளக்குப் போட்டதும் நம்மைப் பார்த்துக் கேட்டார்:

“ஏஞ்சாமி, அந்தக் கெணத்துல செத்த பசங்களோட ஆத்தாமாருங்களுக்கு கடைசில ஆராச்சும் பதில் சொன்னாங்களா?”

படத்தை நாம் மூன்று முறை பார்த்திருக்கிறோம். அவர் கேட்கும்வரை அந்தத் தாய்மார்களை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.