எட்டார்ட் ஸ்டார்க்: சான்றோனோ, பேதையோ?

ஜார்ஜ் மார்ட்டின் 1996-இல் வெளியிட்ட கற்பனைக் கதையினின்றும் 2011-இல் எழுந்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாடகத்தில், முதலமைச்சனாகிய எட்டார்ட் ஸ்டார்க்கைப் பேதையென இகழ்வார் பலர். அரசியின் மக்கள் அரசனுக்குப் பிறந்தவரல்லர் என்றறிந்த அவன், அரசனது சினத்தால் அக்குழந்தைகள் மடியாவண்ணம், தப்பியோடுமாறு அவளையே எச்சரித்தான். அஃது இரக்கமேயன்றிப் பேதைமையன்று. தன்னை நம்பலாகாதென்று முன்னரே கூறிய பேலிஷிடம், நகர்க்காவலரைத் திரட்டும் பொறுப்பை ஒப்புவித்ததே பேதைமை.

ஆயினும், சிறைப்பட்டபின் மகளைக் காக்கும்பொருட்டு, தான் செய்யாத துரோகத்தை மக்கள்முன் ஒப்புக்கொண்டான். புகழுக்காக நேர்மை பூண்டவன் இது செய்வானோ? நம் ஆண்டவர் புறாவின் கபடின்மையோடு சர்ப்பத்தின் விவேகமும் வேண்டினார். பின்னது இன்மையால் அவன் தலையிழந்தான். முன்னது உடைமையால் சான்றோனே என்பது எம் துணிபு.