விடுபட்ட எண்

சென்ற வாரம் அரியலூரில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று பழைய நெல் அளவைகளைப் பாட்டியார் பேரனுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார். பேரன் சிரித்தான். "கலத்துக்கு 96 நாழி எதற்குப் பாட்டி? நூறு என்று வைத்திருந்தால் கணக்குச் சுலபமாயிருக்குமே!" என்றான்.

"நூறு நாழியை மூன்று பங்காளிகளுக்கு மிச்சமில்லாமல் பிரித்துக் கொடு, பார்க்கலாம்!" என்றார் பாட்டியார். பையன் விழித்தான்.

பாட்டியார் கணித சாஸ்திரம் படித்தவரல்லர். ஆயினும் அவர் சொன்னது சாஸ்திரத்துக்கு முற்றிலும் ஒத்தது. நூறை மீதியின்றி வகுக்கும் எண்கள் 9 தாம்; 96-ஐ வகுப்பவையோ 12. பங்கு பிரிக்கும் இடத்தில் பெரிய எண்ணைவிட இணக்கமான எண்ணே மேல்.

இத்தகைய இணக்கமான எண்களைத் தேடிச் சென்றவர் நம் கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன். தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுக்கும் எண்களைப் பெற்ற எண் எது என்று ஆராய்ந்தார். 12 அத்தகையது, 24, 60 ஆகியவையும் அப்படியே. 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை பிரசுரமாயிற்று. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்ததும் இந்த ஆராய்ச்சிக்காகவே. கட்டுரையிலுள்ள பட்டியல் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை செல்கிறது. கணிப்பொறிகள் இல்லாத காலம் அது!

ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

அதன் அமைப்பைப் பாருங்கள். 2-ஐ ஆறு தடவை, 3-ஐ நான்கு தடவை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு தடவை எடுத்துப் பெருக்கினால் அந்த எண் வரும். ஒவ்வொரு தடவைக் கணக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், வகுக்கும் எண்களின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040. தம் லட்சிய நகரத்தில் இத்தனை குடும்பங்கள் இருக்க வேண்டுமென்று கிரேக்க ஞானி பிளேட்டோ சொன்னதும் இதே 5040-தான். அதை 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியின்றிப் பங்கிடலாம் அல்லவா?

இன்னொரு வேடிக்கை. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவது, பட்டியலின் கடைசி எண்ணேதான்! பெரிய மாளிகையை எழுப்பியவர் அதற்குள்ளிருந்த ஒரு படியை எண்ண மறந்து விட்டார்.

இதைச் சொல்வதால் ராமானுஜனின் புகழ் குறையுமென்று சிலர் அஞ்சலாம். நாம் அஞ்சவில்லை. பெரியோர் சொன்னதை மனப்பாடம் செய்வது ஒரு மரியாதை. அதைச் சரிபார்ப்பது அதனினும் பெரிய மரியாதை. விடுபட்டதைப் பின்வந்தோர் கண்டுகொண்டதும் அவர் காட்டிய வழியைக் கொண்டுதான்.

அரியலூர்ப் பையன் நாம் விடைபெறும்போது 23-ஆல் பெருக்கிக் கொண்டிருந்தான். நம்மை அவன் நம்பவில்லை போலும். மிக்க சந்தோஷம்!